பைத்தான் ஆவணங்கள்: பல வருடம் புழங்கிய பிறகு

நாகர்கோவிலில் பைத்தான் என்ற நிரல் மொழிக்கு வகுப்பு எடுக்கிறேன். மொழியின் அதிகாரபூர்வ ஆவணங்களை, அதாவது எதை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் பக்கங்களை, திறக்காமல் ஒரு வேலைநாள் போவதில்லை. மாணவர்கள் அதில் எங்கே முழிக்கிறார்கள் என்பதையும் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

முதலில் பிடித்தது. மொத்த ஆவணத்தையும் எச்டிஎம்எல், ஈபப் வடிவில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் பக்கம் கரண்ட் திரும்பிய பிறகும் நெட் சீராகவில்லை. வகுப்பு ஓடியது இறக்கி வைத்த கோப்புகளை நம்பித்தான். மாதிரி நிரல்களையும் நம்பலாம். அவற்றில் பல டாக்டெஸ்ட் என்ற சோதனைக் கருவி மூலம் ஓட்டிச் சரிபார்க்கப்படுபவை.

குறை வேறு இடத்தில். குலசேகரத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் வீட்டு ரப்பர் ஷீட் கணக்கைப் பைத்தானில் சிஎஸ்வி கோப்பாக (கமா போட்டுப் பிரித்த அட்டவணை) எழுதினார்: தேதி, எடை, கிரேடு. எக்செல்லில் திறந்தால் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஒரு காலி வரி. "கோடு சரியாத்தான இருக்கு சார்?" என்றார். விண்டோஸில் கோப்பைத் திறக்கும்போது நியூலைன் என்ற இடத்தில் வெற்றுச் சரம் கொடுக்காவிட்டால், வரி முடிவில் கேரேஜ் ரிட்டர்ன் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று கூடுதலாகச் சேர்ந்துவிடும். அதுதான் எக்செல்லில் காலி வரியாகத் தெரிகிறது. ஆவணத்தில் இது இருக்கிறது, பக்கத்தின் கடைசியில் அடிக்குறிப்பாக. அதில் கேரேஜ் ரிட்டர்ன் உண்டு, காலி வரி என்ற பேச்சே இல்லை. தகவலில் தப்பில்லை. ஆனால் மாட்டிக்கொண்டவர் எந்தச் சொல்லைத் தேடுவாரோ அது அங்கே கிடையாது.

இதைத் திருத்த யார் வேண்டுமானாலும் கிட்ஹப் தளத்தில் புல் ரிக்வெஸ்ட், அதாவது திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை, அனுப்பலாம். பைத்தானின் மூல நிரல் இருக்கும் அதே ரெப்போவில் (கோப்புக் களஞ்சியம்), டாக் என்ற ஃபோல்டரில்தான் ஆவணங்களும் இருக்கின்றன. எழுத ஆள் கிடைத்துவிடும். வந்ததைப் படித்துப் பார்த்துச் சேர்ப்பவர்களுக்குத்தான் நேரம் இல்லை. பெரும்பாலும் தன்னார்வலர்கள், சொந்த வேலை முடிந்து உட்காருகிறவர்கள்.

ஆவணங்களுக்கென்று யாராவது பணம் கொடுத்தால், அது இந்தச் சரிபார்ப்புக்குத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. ஆவணம் எழுதுவதற்கு உதவும் கூகுளின் சீசன் ஆஃப் டாக்ஸ் திட்டம் 2019-ல் தொடங்கியது. 2021 முதல் ஓப்பன் சோர்ஸ் (மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும்) திட்டங்களுக்கே 5,000 முதல் 15,000 டாலர் வரை கொடுத்து, எழுத்தாளரை அமர்த்திக்கொள்ளச் சொன்னது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் சில மாத வேலை. எழுதியவர் போன பிறகு, அடுத்த பதிப்பு வரும்போது அந்தப் பக்கத்தை யார் பார்ப்பது? ரப்பர் கன்று நட மானியம் கொடுத்துவிட்டு, பால்வெட்டுக்கு ஆள் வைக்காத கதை. பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ திட்டத்தில் ஃபெல்லோ என்று சம்பளத்துக்கு ஆள் வைத்து, வரும் டிக்கெட்டுகளையும் (பிழைப் புகார்கள், கோரிக்கைகள்) திருத்தங்களையும் பார்க்கச் சொல்கிறார்கள். பைத்தான் அறக்கட்டளையும் 2021 முதல் டெவலப்பர் இன் ரெசிடென்ஸ் என்று ஆள் வைத்திருக்கிறது. ஆவணங்களைச் சரிபார்ப்பதற்கென்றே அப்படி ஒரு சம்பளம் இருந்தால், நான் மாதாமாதம் கொடுக்கத் தயார்.

அப்புறம், தமிழாக்கத்துக்குக் கைக்காசு போட நினைப்பவர்களுக்கு ஒன்று. ஆவணத் தளத்தின் மொழித் தேர்வுப் பட்டியலில் தமிழ் ஏற முழு ஆவணமும் தேவையில்லை. டுடோரியல், பிழை தெரிவிக்கும் பக்கம், பில்ட்-இன் ஃபங்ஷன்கள் பக்கம் ஆகிய மூன்றும் முடிந்தால் போதும் என்கிறது பெப் 545 என்ற பைத்தான் விதிமுறை ஆவணம். ஆனால் வருடா வருடம் அக்டோபரில் புதிய பதிப்பு வருகிறது. மொழிபெயர்ப்பவருக்கு ஒதுக்கும்போதே, அந்த அக்டோபர் வேலைக்கும் சேர்த்து ஒதுக்குங்கள்.