கீபோட்டைத் திறக்காமல் தொடங்கிய இசைப் பயிற்சி

திருகோணமலையில் குருக்களாகப் பயிலும் குருமட மாணவர்களுக்காக நடந்த இரண்டு நாள் வழிபாட்டு இசைப் பயிற்சிக்கு, கத்தோலிக்க ஆலயப் பங்கொன்றின் பாடகர் குழாமில் நீண்ட காலமாக வாசித்து வருபவன் என்பதால் என்னையும் உதவிக்கு அழைத்திருந்தார்கள். முதல் நாள் காலையில், கீபோட்டை உறையிலிருந்து எடுக்கவே வேண்டாம் என்று பயிற்சியை நடத்திய அருட்தந்தை சொல்லிவிட்டார். மேசையில் ஒரு சுருதிப்பெட்டி மட்டும் இருந்தது. மாணவர்கள் பாடத் தொடங்கியது வருகைப் பாடலை அல்ல. ‘ஆண்டவர் உங்களோடு இருப்பாராக’ என்ற ஒற்றை வரியைத்தான்.

இந்த வரிசை முற்றிலும் சரியானது. 1967ஆம் ஆண்டு மார்ச் மாதம் கத்தோலிக்கத் திருச்சபை வழிபாட்டு இசை பற்றி வெளியிட்ட ‘மூசிக்காம் சாக்ராம்’ ஏடு, திருப்பலியில் பாடவேண்டியவற்றை மூன்று படிகளாகப் பிரித்து, குருவும் மக்களும் மாறிமாறிக் கூறும் வாழ்த்து, நற்கருணை மன்றாட்டைத் தொடங்கும் புகழுரையான தொடக்கவுரை, அதைத் தொடரும் ‘தூயவர்’, ஆண்டவர் கற்பித்த செபம் முதலியவற்றை முதற்படியில் வைக்கிறது. வருகைப் பாடலும் திருவிருந்துப் பாடலும் மூன்றாம் படியில்தான் வருகின்றன. நம் பங்குகள் பலவற்றில் நடப்பது இதற்கு நேர்மாறு: வருகைப் பாடல் எல்லாச் சரணங்களோடும் முழங்கும், தொடக்கவுரையோ வெறுமனே வாசித்து முடிக்கப்படும்.

ஒரு மாணவர் நல்ல குரல்வளம் உள்ளவர். ஆனால் அவர் பாடியபோது ‘உங்களோடு’ என்பது ‘ஊங்களோடு’ என்று நீண்டது. அருட்தந்தை அவரைப் பாடவிடாமல், எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்து அதே வரியை மூன்று முறை பேசச் சொன்னார். பிறகு பேசிய அதே அளவில், ஒரே சுரத்தில் நிறுத்தி, ‘ராக’ என்னுமிடத்தில் மட்டும் இறங்கச் சொன்னார். குறில் குறிலாகவே நின்றது. மண்டபத்தில் இருந்த எல்லோரும் தம்மையறியாமலே பதில் பாடினார்கள். இரண்டு நாளில் நான் கண்ட மிகச் சிறந்த பாடம் அதுதான்.

குறைகளும் உண்டு. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பில் திருத்தொண்டர் (குருவுக்கு அடுத்த நிலையில் உள்ள திருப்பணியாளர்) பாடவேண்டிய பாஸ்கா புகழுரை மிக நீளமானது. சுருதி இறங்காமல் அதைக் கடைசிவரை கொண்டுசெல்லத் தனிப் பயிற்சி வேண்டும். அதற்குக் கிடைத்ததோ இரண்டாம் நாள் மாலையில் அரை மணி நேரம்கூட இல்லை. தவக்காலத்தில் நம் மக்கள் ஒப்பாரி இராகத்தில் பாடும் துயரப் பாடல்களை யாரும் தொடவேயில்லை. நாளை இந்த மக்களிடையே பணியாற்றப்போகிறவர்களுக்கு இது பெரிய இழப்பு. குருமடங்களில் இசைக் கல்விக்கு மிகுந்த முக்கியத்துவம் கொடுக்கும்படி கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே கேட்டுக்கொண்டது. அது வாராவாரம் நடக்கவேண்டிய கல்வி. இரண்டு நாளில் அடங்காது.

குரு தமக்குரிய பகுதியைத் தனியே உரக்கச் சொல்லும்போது இசைக்கருவிகள் மௌனமாக இருக்கவேண்டும் என்பதும் அந்த 1967 ஏட்டில் உள்ளது. திருப்பலியின் நடுவே குரு சொல்லும் நற்கருணை மன்றாட்டின்போது மெல்லிய பின்னணி வாசிப்பது பக்தியை வளர்க்கும் என்று நம்பி, நானும் பல ஆண்டுகள் வாசித்திருக்கிறேன். அடுத்த பயிற்சிக்கு மாணவர்களோடு பங்குகளில் கீபோட் வாசிப்பவர்களையும் அழைக்கும்படி அருட்தந்தையிடம் கேட்டிருக்கிறேன்.