பெரியாஸ்பத்திரி வாசல் கஞ்சி: ஐந்துக்கு நாலு

கஞ்சிக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். வரிசைக்கு மூன்று. சராசரி நாலு.

மாமியாரை மதுரைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பக்கத்துக் கட்டிலில் உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர். "வேதக்காரங்க கஞ்சி ஊத்துறாக. தூக்குவாளி இருந்தா எடுத்துட்டு வாத்தா" என்று அவர்தான் கூட்டிப்போனார். ஊற்றுவது கோரிப்பாளையம் பக்கத்துக் கிறிஸ்தவச் சபை. அங்கே எல்லோரும் டீச்சரம்மா என்று கூப்பிடும் பெரியவர், பெயரெல்லாம் போடாதே என்று சொல்லிவிட்டதால் போடவில்லை. பனகல் சாலையில் எந்த ஆட்டோக்காரரைக் கேட்டாலும் கை காட்டுவார்.

நோயாளிக்கும் கூட இருப்பவருக்கும் ஒரே அண்டா. நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு முழுசு முழுசாக. சீரகத்தைக் கடைசியில்தான் உள்ளங்கையில் கசக்கிப் போடுகிறார்கள். மூடியைத் திறந்தால் வரிசையின் கடைசி ஆள் வரை வாசனை போகிறது. பிரஷர்காரர்களை நினைத்து உப்பு பாதிதான். வேண்டுமென்றால் பக்கத்திலேயே உப்பு டப்பா. தொட்டுக்கொள்ள ஒருநாள் பருப்புத் துவையல், ஒருநாள் புதினா. புதினாவில் எப்போதும் புளி தூக்கல், அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனசில்லை. வெளியே காசு கொடுத்துச் சாப்பிட்ட சாம்பார் சாதம் சாயங்காலம் வரை நெஞ்சைக் கரித்தது.

நொய் ஏன் என்று கேட்டேன். எல்லாம் பிடியரிசி. சபை வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைத்து, மாசம் ஒருதரம் கோயிலுக்குக் கொண்டுவருகிறார்கள். ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் இட்லி அரிசி, இன்னொரு வீட்டில் ரேஷன் அரிசி. மொத்தமாக உலையில் போட்டால் ஒன்று குழையும், ஒன்று விறைத்து நிற்கும். அதனால் கழுவிக் காயவைத்து, மில்லில் கொடுத்து உடைத்துவிடுகிறார்கள். அடுப்படியில் நின்று பழகினவர்களுக்குத்தான் இது தோன்றும்.

வரிசைதான் சரியில்லை. 12 மணிக்குக் குட்டியானையில் அண்டா இறங்குகிறது. முந்தியவருக்குக் கிடைக்கும். ஸ்கேனுக்குக் கூட்டிப்போய்விட்டு ஒரு மணிக்கு ஓடிவருகிறவர்களுக்கு அகப்பை சுரண்டுகிற சத்தம்தான் மிச்சம். வயசானவர்களுக்குத் தனி வரிசையும் இல்லை. டோக்கன் கொடுக்கலாமே என்றேன். "டோக்கன் வாங்கிட்டு வராமப் போனவங்க பங்க யாருக்கும்மா ஊத்துறது?" என்றார் டீச்சரம்மா. அரை மணி பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்கு ஊற்ற வேண்டியதுதான். இதற்கு ஏன் இவ்வளவு யோசனை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

"கஞ்சியோட பைபிளையும் கையில திணிப்பாங்க அண்ணி, பாத்துக்கங்க" என்று கொழுந்தன் எச்சரித்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறோடுதான் போய் நின்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் ஒரு வாலிபப் பையன் வரிசையில் துண்டுப்பிரசுரம் நீட்டினான். டீச்சரம்மா அதை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, "தம்பி, இங்க அகப்பைய மட்டும் பிடி" என்றார். ஜெபம் பண்ணச் சொல்லிக் கேட்டவர்களை மட்டும் ஓரமாகக் கூட்டிப்போகிறார்கள்.

எனக்கும் அவருக்கும் வாக்குவாதம் வந்தது வேறு விஷயத்தில். விளைச்சலுக்கு நன்றி சொல்லிச் சபையில் கொண்டாடும் அறுப்பின் பண்டிகைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். காணிக்கையாக வந்த கோழி, வாழைத்தார், பூசணி எல்லாவற்றையும் ஏலம் விடுகிறார்கள். ஒரு பூசணிக்காய் போன விலைக்கு நான் ஒரு வாரம் ரவிக்கை தைக்க வேண்டும். அந்தப் பணத்தில் பெரும்பங்கு வடக்கே மிஷன் வேலைக்குப் போகிறதாம், பள்ளிக்கூடம், மருந்தகம் என்று. இங்கே ஒரு மணிக்கெல்லாம் கஞ்சி தீர்ந்துவிடுகிறது, அங்கே எதற்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

"நீ எங்கம்மா பொறந்த?" என்றார்.

கீழவெளி வீதி மிஷன் ஆஸ்பத்திரியில்தான்.

அவ்வளவுதான், பாடமே எடுத்துவிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் 1834-ல் மதுரைக்கு வந்தது, பிற்பாடு ஆஸ்பத்திரி, 1881-ல் பசுமலையில் ஆரம்பித்த அமெரிக்கன் கல்லூரி, 1948-ல் கேட்டி வில்காக்ஸ் அம்மா தொடங்கிய லேடி டோக் பெண்கள் கல்லூரி. 1903-ல் திருநெல்வேலியில் நம் ஆட்களே இந்திய மிஷனரி சங்கம் வைத்துத் தெலுங்குச் சீமைக்கு, டோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியது வரை சொன்னார். "அன்னிக்கு அமெரிக்காவுல இருந்த பொம்பளைங்களும் நம்ம ஏழைங்கள விட்டுட்டு மதுரைக்கு எதுக்குக் காசுன்னு கேட்டிருப்பாங்கல்ல?"

கேட்டிருப்பார்கள், கேட்டதில் தப்புமில்லை. வடக்கே அனுப்பட்டும். பூசணிக்காய்க் காசிலிருந்து இன்னொரு அண்டாவுக்கும் ஒதுக்கட்டும் என்றேன். கமிட்டியில் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

போகிறவர்களுக்கு: பதினொன்றே முக்காலுக்கே நின்றுவிடுங்கள். பாத்திரம் உங்களுடையதுதான், பாலிதீன் பையில் ஊற்ற மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஏதாவது கொடுக்க நினைத்தால் அரிசி, பாசிப்பருப்பு, பெரியவர்களுக்கான டயப்பர் வாங்கிக்கொள்கிறார்கள். பழைய துணியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், ஹாலில் ஏற்கெனவே ஒரு அறை நிறையக் கிடக்கிறது.