உதகை வீட்டுத் தோட்டத்துக்கு எது: ஸ்காட்ச் புரூமா, காட்டு அவுரியா?

உதகை, குன்னூர் பக்கம் வாசலுக்கு ஒரு பூப்புதர் தேடுகிறவர்களின் கண் முதலில் ஸ்காட்ச் புரூம் மேல்தான் போகும். காரணம் இருக்கிறது. பூத்துவிட்டால் செடி முழுக்க மஞ்சள். இலை உதிர்ந்த பிறகும் தண்டு பச்சையாகவே நிற்பதால் மொட்டையாகத் தெரியாது. உறைபனியைத் தாங்கும். பட்டாணிக் குடும்பம் என்பதால் வேர் முடிச்சில் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொண்டு, சத்தில்லாத மண்ணிலும் வளரும்.

அழகை மட்டும் பார்த்தால் இதற்குப் போட்டியே இல்லை. ஆனால் காயையும் பார்க்க வேண்டும். முற்றிக் கறுத்த காய் வெயில் ஏறியதும் படக்கென்று வெடிக்கும். இரண்டு ஓடும் முறுக்கிக்கொள்ள, விதை தள்ளிப் போய் விழும். விதையின் நுனியில் எண்ணெய்ப்பசையுள்ள சின்னச் சதை ஒன்று உண்டு. அதற்காகவே எறும்புகள் அதை இன்னும் கொஞ்சதூரம் இழுத்துப் போகும். மண்ணுக்குள் போன விதை பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வேலிக்குள் அடங்கி இருக்கிற செடி இல்லை இது.

ஐரோப்பாவிலிருந்து வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த இந்தப் புதர் இன்று மேல் நீலகிரியின் புல்வெளிகளை அடைத்துக்கொண்டிருக்கிறது. வரையாடு மேய்வது அந்தப் புல்லைத்தான், தோடர்களின் எருமை மேய்வதும் அதைத்தான். சோலையும் புல்வெளியும் சேர்ந்துதான் பவானிக்கும் மோயாற்றுக்கும் தண்ணீர் விடுகின்றன. இவ்வளவையும் ஒரு வாசல் மஞ்சளுக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. (முள்புதரான கார்ஸும் இதே குடும்பம், இதே தொல்லை. அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.)

சரி, மாற்று? இண்டிகோஃபெரா காசியோய்டெஸ் என்கிற காட்டு அவுரி. மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் தானாக வளரும் நம் செடி. குளிர் முடியும் சமயத்தில், இலையில்லாத குச்சிகளில் இளஞ்சிவப்புப் பூங்கொத்துகள் வரும். தூரத்திலிருந்து பார்த்தால் புரூம் அளவுக்குக் கண்ணைப் பறிக்காது, பூக்காலமும் நீளமில்லை. சில வாரம் வெறும் குச்சியாக நிற்பதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பக்கத்தில் போய்ப் பாருங்கள்: ஒவ்வொரு கொத்திலும் அடிப்பூ விரிந்திருக்க, நுனியில் மொட்டு இன்னும் காத்திருக்கும். ஜார்க்கண்டில் இந்தப் பூவை ஜிர்ஹுல் என்று சொல்லிச் சமைத்தே சாப்பிடுகிறார்கள். புரூமிலோ ஸ்பார்டீன் என்கிற நச்சு இருக்கிறது.

வளர்ப்பது கஷ்டமில்லை. விதைத்தோல் கெட்டி என்பதால் சுடுதண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து விதைக்கலாம். தண்ணீர் தேங்காத சரிவில், வெயில் படுகிற இடமாக வையுங்கள். உறைபனி படியும் பள்ளத்தில் என்றால் முதல் குளிர்காலம் மட்டும் இளஞ்செடியை மூடிவைப்பது நல்லது. பழைய குச்சியில்தான் பூக்கும் என்பதால், பூ முடிந்த கையோடு, தென்மேற்குப் பருவமழைக்கு முன் கவாத்து செய்துவிட வேண்டும்.

ஏற்கெனவே புரூம் வைத்திருப்பவர்கள் காய் கறுப்பதற்கு முன்பே அதை வெட்டிவிடுங்கள். சின்னச் செடிகள் மழைக்குப் பிறகு வேரோடு வந்துவிடும். அப்புறம் அடுத்தடுத்த வருஷங்களிலும் அதே இடத்தில் முளைப்பதைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.