குலசேகரம் பக்கத்துல ஒரு சின்ன தேன் பண்ணை: 2 தடவ வாங்கின அனுபவம்

முதல்லயே ஒத்துக்கிறேன், தேன் விஷயத்துல நான் நல்லா ஏமாந்தவ. நாலு வழிச்சாலை ஓரமா ஒரு புளியமரத்தடியில வாளிய வச்சிட்டு, அதுக்குள்ள பெரிய தேனடை ஒண்ண மிதக்க விட்டு, மேல நாலஞ்சு செத்த தேனீயும் கிடக்க, "உங்க கண்ணு முன்னாடியே பிழிஞ்சு தாரேன்"னு ஒருத்தர் குடுத்தத நம்பி 2 பாட்டில் வாங்கிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து மூடியத் திறந்தா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சின வாசம் வருது. அடை நெசம்தான், அதுல ஒட்டியிருந்தது வெல்லப்பாகு. அதுக்கப்புறம் கொஞ்ச காலம் கடையில பிராண்ட் தேன்தான் வாங்கினோம், அதுவும் 2020 டிசம்பர்ல டெல்லி சிஎஸ்இங்கிற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்புக் காரங்க 13 பிராண்ட எடுத்து டெஸ்ட் பண்ணி, எல்லா டெஸ்ட்லயும் பாஸானது 3 தான்னு சொன்னதும் போச்சு. நம்ம நாட்டு வழக்கமான டெஸ்ட்ல மாட்டாத மாதிரியே சர்க்கரை சிரப் ரெடி பண்ணி விக்கிறாங்களாம், லேபுக்கே தண்ணி காட்டுறானுங்கன்னா நம்ம நாக்கு எம்மாத்திரம்.

அப்பதான் எங்க மதினி சொன்னாங்க. மதினின்னா வீட்டுக்காரரோட அக்கா, கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரம் பக்கம் குடுத்திருக்கு. "எங்கூர்ல பாதி வீட்டுல தேன் பெட்டி இருக்கு, நீ என்னத்துக்கு கடையில வாங்கிட்டு கிடக்க"ன்னு கேட்டாங்க. சரின்னு மார்ச் மாசம் பாளையங்கோட்டைல இருந்து கார் எடுத்துட்டு போனோம்.

பண்ணைன்னா போர்டு, கேட், செல்ஃபி பாயிண்ட் எல்லாம் எதிர்பார்த்துப் போகாதீங்க. ரப்பர் தோட்டத்துக்குள்ள ஒரு ஓட்டு வீடு, பின்னாடி மரத்து நிழல்ல வரிசையா சின்னச் சின்ன மரப்பெட்டிங்க, ஒவ்வொண்ணும் ஒரு ஸ்டாண்டு மேல, அடியில எறும்பு ஏறாம இருக்க கிண்ணத்துல தண்ணி. எல்லாம் நம்ம நாட்டு அடுக்குத் தேனீ. கீழ் அறையில குஞ்சு வளரும், மேல் அறையில தேன் சேரும், மேல இருக்குற சட்டத்த மட்டும் எடுத்து மெழுகு மூடிய கத்தியால சீவி, டிரம்முக்குள்ள வச்சு கைப்பிடியச் சுத்துனா தேன் மட்டும் தெறிச்சு வந்துடும், அடை உடையாது, திரும்ப பெட்டியிலயே வச்சிடலாம். பிழியற வேலையே இல்ல. வாளிக்காரர நினைச்சு எனக்கே சிரிப்பு வந்துச்சு.

இந்தப் பெட்டி வளர்ப்பு மார்த்தாண்டம் பக்கம் 1920கள்லயே வந்தது, ஒய்எம்சிஏல இருந்த ஸ்பென்சர் ஹாட்ச்னு ஒரு அமெரிக்கர் ஊர் சனங்களுக்கு கத்துக் குடுத்தாராம். நடுவுல 90கள் ஆரம்பத்துல தேனீக் குஞ்சுக்கு வைரஸ் நோய் வந்து பெட்டி பெட்டியா காலியாகி, நிறைய பேரு தொழிலையே விட்டுட்டாங்க. பண்ணைக்கார பெரியவரு அப்ப பெட்டியெல்லாம் அடுப்புக்கு வெறகாப் போச்சுன்னு சொல்லும்போது மொகமே மாறிடுச்சு. மீண்டு வந்து இப்ப மார்த்தாண்டம் தேனுக்கு 2023ல புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு.

இப்ப மெயின் விஷயம். நான் போனதும் பெரிய அறிவாளி மாதிரி, "அண்ணாச்சி, இது என்ன பூத்தேன்?"னு கேட்டேன். அவரு சிரிச்சிட்டு, "பூத்தேன் இல்ல மக்களே, இது ரப்பர் எலைத் தேன், கேட்டியா"ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. கூட்டிட்டுப் போயி ஒரு கொப்ப வளைச்சுக் காட்டினாரு. ரப்பர் மரம் எலைய உதிர்த்துட்டு புதுசா தளிர் விடும்போது, காம்பு நுனியில 3 எலையும் சேர்ற இடத்துல சின்னச் சின்ன சுரப்பி இருக்கு, அதுல துளித்துளியா இனிப்புத் தண்ணி கசியுது, தேனீ அதத்தான் எடுக்குது. தொட்டு நக்கிப் பார்த்தேன், நெசமாவே இனிப்பு. கன்னியாகுமரி மாவட்டத்துத் தேன்ல பெரும்பங்கு இப்படி ஜனவரியில இருந்து மார்ச், மிஞ்சிப்போனா ஏப்ரல் வரைக்கும் வர்ற ரப்பர் தேன்தானாம். "காட்டுப்பூ தேன், மூலிகைத் தேன்"னு லேபிள் ஒட்டி விலைய ஏத்தி விக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும் சொல்லுங்க, நானும் கண்ண மூடிட்டு வாங்கியிருப்பேன். அந்த ஒரு பதில்லயே எனக்கு அவரு மேல நம்பிக்கை வந்துடுச்சு.

ருசின்னு பார்த்தா, வெளிர் நிறம், லேசான வாசம், தொண்டையில காரல் இல்ல. மலைத்தேன் சாப்பிட்டுப் பழகினவங்களுக்கு இது சப்புன்னு தெரியலாம், எங்க வீட்டுக்காரருக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. எனக்கும் பிள்ளைகளுக்கும் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, தோசைக்குத் தொட்டு ஒரு வாரத்துல அரை கிலோவ காலி பண்ணிட்டுதுங்க. விலை கிலோ 350 ரூபா, அவங்க கண்ணாடி பாட்டில் வேணும்னா தனியா 20, நம்ம பாட்டில் கொண்டு போனா அதுலயே ஊத்தித் தருவாங்க. கொசுத்தேனீ எடுக்குற சிறுதேனும் கொஞ்சம் வச்சிருந்தாரு, 100 மில்லி 250 ரூபா. அது புளிப்பும் இனிப்புமா, தண்ணி மாதிரி ஓடுது. ஒரு கூட்டுல வருஷத்துக்கு சில நூறு கிராம்தான் கிடைக்கும், அதான் அந்த விலை. மருந்துக்குன்னு மாமியார் கேட்டதால வாங்கினேன், எனக்குன்னா வாங்கியிருக்க மாட்டேன்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், பில் போடும்போது அவரு மருமக "வீட்டுல கைக்குழந்தை இருக்கா அக்கா"ன்னு கேட்டுச்சு. தம்பி பிள்ளைக்கு 8 மாசம்னு சொன்னதும், "ஒரு வயசு முடியிற வரைக்கும் நாக்குல கூட தடவாதீங்க"ன்னு சொல்லுச்சு. நம்ம பக்கம் பொறந்த பிள்ளைக்கே தேன்ல சேனை வைப்பாங்க, டாக்டர்ங்க அத வேண்டாம்னு சொல்றதுக்கு காரணம் தேன்ல இருக்கக்கூடிய ஒரு கிருமியோட வித்து, பெரியவங்களுக்கு ஒண்ணும் செய்யாது, பிஞ்சுக் குடலுக்கு ஆபத்து. விக்கிறவங்களே இத கூப்பிட்டுச் சொல்றத நான் வேற எங்கயும் பார்க்கல.

சரி, வீட்டுக்கு வந்தா மாமனார் டெஸ்ட் பண்ண உக்காந்துட்டாரு. டம்ளர் தண்ணியில ஒரு சொட்டு விட்டாரு, அது பாதியிலயே கரைய ஆரம்பிச்சிடுச்சு. "டூப்ளிகேட்டு"ன்னு தீர்ப்பு. அப்புறம் எறும்பு வந்துச்சு, அதுக்கும் ஒரு தீர்ப்பு. தீக்குச்சியில தடவி உரசிப் பார்க்குறது, நாய் நக்குதான்னு பார்க்குறது இதெல்லாம் சும்மாங்க. நல்லா கெட்டியா காய்ச்சின சீனிப்பாகு தண்ணியில அப்படியே அடிக்குப் போகும், ஈரப்பதம் கூட இருக்குற சுத்தமான ரப்பர் தேன் கரையும். இந்த டெஸ்டெல்லாம் கெட்டியா இருக்கா இல்லையான்னு சொல்லுமே தவிர அசலா போலியான்னு சொல்லாது. எறும்பு பாவம் இனிப்ப தேடி வருது, அது எதுக்கு சர்டிபிகேட் குடுக்கணும்.

மே மாசக் கடைசியில அடுத்த பஞ்சாயத்து. பாட்டில் அடியில மணல் மாதிரி உறைஞ்சுடுச்சு. "நான் சொன்னேன்ல, சீனி கலந்திருக்கான்"னு வீட்டுக்காரரும் ஆரம்பிச்சிட்டாரு. ரப்பர் தேன் சீக்கிரம் உறையும்னு வாங்கும்போதே அந்த மருமக சொல்லியிருந்துச்சு, அதுல இருக்குற குளுக்கோஸ்தான் அப்படி மணல் மணலா திரளுது. வெதுவெதுப்பான தண்ணியில பாட்டில கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சா இளகிடும், அடுப்புல நேரா வச்சுக் காய்ச்சாதீங்க, வாசமே போயிடும். நான் இளக்கக்கூட இல்ல, உறைஞ்சத அப்படியே ஸ்பூன்ல எடுத்து சப்பாத்தியில தடவுறது இன்னும் வசதி.

இதுவரைக்கும் 5 ஸ்டார். இனிமே குறை.

ஜூலையில தீர்ந்து போச்சுன்னு போன் பண்ணி 3 கிலோ கொரியர்ல போடச் சொன்னேன். மொதல்ல 3 நாள் போனே எடுக்கல. அப்புறம் வந்த பார்சலப் பார்த்தா, பிளாஸ்டிக் பாட்டில சுத்தி வெறும் நியூஸ்பேப்பர், அட்டைப்பெட்டி அடி முழுக்க பிசுபிசுன்னு ஒட்டுது, கொரியர் தம்பி கைய தொடச்சிட்டே திட்டிட்டுப் போனான். பாட்டில்ல லேபிள் கிடையாது, எடுத்த தேதி கிடையாது, உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் நம்பரும் கிடையாது. சரி பழகின எடம்னு விட்டேன். நாலு நாள் கழிச்சு சமையக்கட்டுல "டப்"புன்னு சத்தம், போய்ப் பார்த்தா ஒரு பாட்டில் உப்பி மூடி தெறிச்சுக் கிடக்கு, மேல நுரை, கள்ளு மாதிரி புளிச்ச வாசம். இன்னொன்னும் உப்பிட்டு நிக்குது. மூணாவது மட்டும் நல்லா இருந்துச்சு.

கோவமா போன் பண்ணினேன். அவரு மழுப்பல. சீசன் கடைசியில, தேனீ மெழுகால மூடி போடாத அடையையும் சேர்த்து எடுத்துட்டாங்களாம். தேனீ மூடி போடலைன்னா தேன்ல தண்ணி இன்னும் வத்தலைன்னு அர்த்தம், நம்ம நாட்டுத் தேனீத் தேன்ல ஏற்கனவே ஈரம் கூட, அதுல மழைக்காலம் வேற, புளிக்காம என்ன செய்யும். விதிப்படி 20 சதவீதத்துக்கு மேல ஈரம் இருக்கக்கூடாது, அவரு கிட்ட அத அளக்குற சின்ன கருவியும் இருக்கு, மார்ச்ல எங்களுக்கு பெருமையா காட்டினதே அவருதான், ஆனா இந்த லாட்ட அளக்கலைன்னு அவரே சொன்னாரு. "தப்பு நம்ம பேர்லதான் மக்களே"ன்னு சொல்லி 2 கிலோவுக்கான காச அன்னைக்கு சாயங்காலமே ஜிபேல போட்டுட்டாரு. கொரியர் சார்ஜ் மட்டும் வரல, நானும் கேக்கல. புளிச்சத நெல்லிக்காய ஊறப்போட வச்சுக்கலாம்னு மாமியார் சொன்னாங்க, எனக்கு மனசு ஒப்பல, ஊத்திட்டேன்.

அதனால யாராவது போறதா இருந்தா நான் சொல்றது இதுதான். பிப்ரவரி நடுவுல இருந்து மார்ச் கடைசிக்குள்ள நேர்ல போங்க, அப்ப எடுக்குறப்பயே பார்த்து வாங்கலாம், மூடி போட்ட அடையத்தான் எடுக்குறாங்களான்னு ஒரு பார்வை பாருங்க, அந்த கருவியில ஒரு சொட்டு வச்சுக் காட்டச் சொல்லுங்க, மூஞ்சி சுளிக்க மாட்டாரு. வருஷத்துக்குத் தேவையானத அப்பவே வாங்கி வச்சுக்கோங்க. மழைக்காலத்துல எங்கயும் புதுத்தேன்னு சொன்னா, தேனீ அப்ப எதக் குடிச்சுதுன்னு கேளுங்க, ஏன்னா தேனீக்கு இரை கிடைக்காத அந்த மாசங்கள்ல கூடு சாகாம இருக்க சீனித் தண்ணி வைப்பாங்க, அது தப்பில்ல, அத தேன்னு வித்தாதான் தப்பு. நான் கேட்டப்ப இவரு "ஆமா வைப்பேன், ஆனா அப்ப தேன் எடுக்க மாட்டேன்"னாரு. கொரியர்ல மட்டும் இவங்ககிட்ட வாங்காதீங்க, பேக்கிங் தேறாது. சாயங்கால வேளையில பெட்டிக்கிட்ட போகும்போது செண்ட் அடிச்சிட்டுப் போகாதீங்க, எங்க வீட்டுக்காரர் காது 2 நாள் பணியாரம் மாதிரி இருந்துச்சு.

மொத்தத்துல 5க்கு 4. அந்த ஒண்ணு லேபிளுக்கும் நியூஸ்பேப்பருக்கும்.

மதினி முந்தாநேத்து போன் பண்ணி ரப்பர் எலை உதிர ஆரம்பிச்சிடுச்சுன்னு சொன்னாங்க. 4 கண்ணாடி பாட்டில கழுவி மொட்டை மாடியில கவுத்து வச்சிருக்கேன்.