உறைந்த ஓரா: குடல் எடுத்த பையா, முழு மீன் பையா?

வெளிநாட்டுத் தமிழ்க் கடைகளின் ஃப்ரீசரில் ஓரா இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று முழு மீன், மற்றது குடல் எடுத்து உறைய வைத்தது. பையில் ‘ரபிட் ஃபிஷ்’ என்றிருக்கும். வளைகுடாப் பக்கத்துச் சரக்கென்றால் ‘சாஃபி’. இரண்டையும் சமைத்துப் பார்த்ததில் குடல் எடுத்த பைதான் தேறுகிறது. விலை கூட என்றாலும் கொடுக்கலாம்.

ஓரா பாசியும் கடற்புல்லும் மேய்கிற மீன். நீண்டு சுருண்ட அதன் குடல் நிறைய அரைபட்ட பாசி கிடக்கும். மீன் செத்ததும் அது நொதித்து, நாற்றமும் கசப்பும் வயிற்றுச் சதையில் இறங்கிவிடும். உறைய வைத்தால் நொதிப்பு நிற்கும். ஏற்கெனவே இறங்கிய வாடை போகாது. முழு மீன் பையில் சில மீன்களின் வயிறு வெடித்து, உட்புறம் பச்சை படிந்திருந்தது. அப்படிப்பட்டதைத் தேசிக்காய் (எலுமிச்சை) விட்டுக் கழுவியும் பயனில்லை. வயிற்றுப் பகுதியையே வெட்டி எறிய வேண்டியதுதான். ஓரா நாறும் என்று ஒதுக்குகிறவர்களில் பலர் தின்றிருப்பது குடல் பிந்தி எடுத்த மீனைத்தான். நல்ல மீனின் சதை வெள்ளை, இறுக்கம், மெல்லிய இனிப்பு.

எடையிலும் வித்தியாசம் தெரிகிறது. 1 கிலோ முழு மீன் பை, பனி கரைந்து குடலும் செட்டையும் போக 690 கிராம் தேறியது. குடல் எடுத்த பையில் 850 கிராம்.

முள்ளில் கவனம் வேண்டும். முதுகில் 13, அடியில் 7, வயிற்றுச் செட்டை ஒவ்வொன்றிலும் 2 என மொத்தம் 24 முள், எல்லாம் நஞ்சுள்ளவை. உறைந்த மீன்தானே என்று வெறுங்கையால் பிடிக்கக்கூடாது. குளிரில் அந்த நஞ்சு முறியாது, சூட்டில்தான் முறியும். இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்துப் பனியைக் கரையவிட்டு, தடித்த கையுறை போட்டு, கத்தரிக்கோலால் வாலிலிருந்து தலைப்பக்கமாக முள்ளை அடியோடு வெட்டுங்கள். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 பாகை செல்சியஸ் வெந்நீரில், 30 முதல் 90 நிமிடம் கையை வைத்தால் வலி தணியும். வீக்கம் ஏறினாலோ மூச்சு முட்டினாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். செதில் மிகப் பொடி; கல்லுப்புப் போட்டுத் தேய்த்தாலே போதும். வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புத் தோலைச் சுரண்டி எடுக்க மறக்காதீர்கள், மிச்சக் கசப்பு அதில்தான்.

இந்த மீனுக்குத் தேங்காய்ப்பால் விட்ட சொதியே பொருத்தம். 500 கிராம் மீனுக்குச் சின்ன வெங்காயம் 10, பச்சை மிளகாய் 4, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை, உப்பு, இரண்டாம் பால் 2 கப். வெங்காயம் வெந்ததும் மீனைப் போட்டு 6 நிமிடம். பிறகு முதற்பால் அரைக் கப் விட்டு, ஒரு கொதி தலைகாட்டும்போதே இறக்கி, சற்று ஆறியபின் அரைத் தேசிக்காய் பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போதே தேசிக்காய்ப் புளி விட்டால் பால் திரைந்துவிடும். பொரிப்பதானால் 150 கிராமுக்கு உட்பட்ட சின்ன மீன் நல்லது. பெரியதில் தோல் தடித்து ரப்பர் மாதிரி இழுக்கும்.

சிங்கப்பூரில் சீனப் புத்தாண்டையொட்டிச் சினை ஓராவுக்குத் தனிக் கிராக்கி. குடல் எடுத்த பையில் அந்தச் சினை கிடைக்காது. இந்தப் பையில் உள்ள ஒரே இழப்பு அதுதான்.