புது மாலைக்குப் பழைய துண்டுகள்: கூச்சியா, துருக்மெனா?

பழைய பழங்குடி நகைகளின் துண்டுகளைக் கொண்டு புது மாலை கோர்ப்பவர்களுக்கு அடிக்கடி கண்ணில் படுபவை இரண்டு: ஆப்கானிஸ்தானின் கூச்சி நாடோடிகளுடையவை, மத்திய ஆசியாவின் துருக்மென் மக்களுடையவை. இரண்டிலும் வேலை செய்து பார்த்துவிட்டு நான் கூச்சி பக்கம் வந்துவிட்டேன்.

வேலைப்பாட்டில் துருக்மென்தான் மேல், அதில் சந்தேகமே இல்லை. நல்ல வெள்ளி, துருக்மென் மக்களில் ஒரு பிரிவான டெக்கே இனத்தாரின் நகைகளில் அதன்மேல் பாதரசம் சேர்த்துப் பூசிய தங்க முலாம், சிவப்புக் கார்னிலியன் கற்கள். பெண்கள் பின்னலில் தொங்கவிட்ட அசிக் என்ற இதய வடிவப் பதக்கம் ஒன்று போதும், மாலை நிறைந்துவிடும். கூச்சியில் பெரும்பாலும் நிக்கல் கலந்த மலிவு உலோகம், வண்ணக் கண்ணாடி, குட்டி மணிகள், நாணயங்கள். விலையும் குறைவு.

முடிவு செய்ய வைத்தது ரிப்பேர்தான். மாலை என்றால் நாள்பட வளையம் தேயும், கல் ஆடும், மணி உதிரும். இரண்டிலுமே பற்றவைக்கும் டார்ச் நெருப்பைப் பிடிக்க யோசிக்க வேண்டும். பழைய ஒட்டு வேலையில் ஈயம் இருந்தால், சூடுபட்டதும் அது வெள்ளிக்குள் இறங்கிக் குழிகுழியாக அரித்துவிடும். துருக்மெனில் இதோடு கல்லும் விரிசல் விடலாம், முலாமும் கெடும். பாதரசப் புகை நஞ்சு என்பதால் அந்த முலாமை மறுபடி பூசித் தரச் சொல்லி யாரிடமும் கேட்கவும் முடியாது. துளை போட்டாலோ, பழம்பொருள் என்ற மதிப்பே போய்விடும்.

கூச்சிப் பதக்கத்தில் துளை போட இந்தப் பயம் இல்லை, டார்ச்சும் தேவையில்லை. ஓரத்தில் துளையிட்டுக் கம்பி கோர்க்கலாம், ரிவிட் அடிக்கலாம். உதிர்ந்த கண்ணாடிக்கு வேறு கண்ணாடி வெட்டி வைக்கலாம். கூச்சிப் பெண்களே நாணயம், பொத்தான், மணி என்று கிடைத்ததையெல்லாம் உடையில் தைத்துப் போட்டவர்கள். அதனால் இன்னொரு கை அதை மாற்றிக் கோர்ப்பது எனக்கு உறுத்தலாக இல்லை.

குறையும் உண்டு. நிக்கல் சிலருக்குத் தோலில் அரிக்கும். பின்புறம் துணியோ தோலோ வைத்துத் தைத்துக் கொடுக்கிறேன். வருஷக்கணக்கில் தினமும் போட்டால் அந்த உறை எப்படித் தாங்கும் என்பதில் எனக்கு அனுபவம் குறைவு. அப்புறம், இதே பாணியில் இன்றும் புதிதாகச் செய்து பழசு என்று விற்கிறார்கள். வளையத்தின் உட்புறம் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

துருக்மென்தான் வேண்டும் என்றால், ஏற்கெனவே கழன்று தனியாக விற்பனைக்கு வரும் தொங்கல், சங்கிலித் துண்டுகளை மட்டும் எடுங்கள். முழு அசிக்கை மாலைக்காக உடைக்காதீர்கள்.