காலையில் அரைச் சுற்று, மதியம் மக்கர்: 11 வருடக் கார்புரேட்டர் அனுபவம்

குடியாத்தத்தில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டர் வைத்த பழைய கார் ஒன்று 40,000 ரூபாய்க்கு வருகிறது, வாங்கலாமா என்று போன வாரம் நண்பர் ஒருவர் போனில் கேட்டார். அதே மாடல் வண்டியை 11 வருடமாக வைத்திருப்பவன் என்பதால் என்னிடம் வந்தார். எந்த வண்டி என்று சொல்லவே வேண்டாம், மாருதி 800தான். மூன்று சிலிண்டர், 796 சிசி, நம்மில் பாதிப் பேர் கார் ஓட்டப் பழகியதே அதில்தான். பதில் சொல்ல ஆரம்பித்தேன், முக்கால் மணி நேரத்தில் போன் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மிச்சத்தை எழுதிவிடுகிறேன்.

நல்லதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். மார்கழிக் காலையில், காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினால் அரைச் சுற்றில் பிடித்துக்கொள்ளும். வேலூர் லாங் பஜார் நெரிசலில் கைவண்டிக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நுழைந்து வந்துவிடும். ஏசி கிடையாது. வெயிலூர் என்று பெயர் வாங்கிய ஊரில் அது எப்படி இருக்கும் என்பதை நண்பரே யோசித்துக்கொள்ளட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குளிர்ந்த இன்ஜினை எழுப்புவதில் இந்த வண்டிக்கு இணையில்லை. ஆனால் நன்றாக ஓடிச் சூடான பிறகு அணைத்து, பத்திருபது நிமிடம் விட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் அடம் பிடிக்கும். செல்ஃப் ஜோராகச் சுற்றும், பேட்டரியில் குறையில்லை, இன்ஜின் மட்டும் பிடிக்காது. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும்.

மே மாதம், மதியம் 2 மணி, காட்பாடி ஸ்டேஷன். மாமியாரை அழைத்துவரப் போயிருந்தேன். ரயில் 20 நிமிடம் தாமதம். பெட்டிகளை ஏற்றி, மாமியாரை முன்சீட்டில் உட்கார வைத்துச் சாவியைத் திருப்பினால், கிர்கிர் என்ற சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. ஆட்டோக்காரர்கள் மூன்று பேர் வந்து தள்ளினார்கள். தள்ளித் தீரும் வியாதி இல்லை இது என்பது அன்று எனக்குத் தெரியாது. "நான் ஆட்டோவுல போயிடறேன் மாப்பிள்ளை, நீங்க நிதானமா வாங்க" என்றார் மாமியார். தள்ளியவர்களில் ஒருவரின் ஆட்டோவிலேயே போனார். அந்த 'நிதானமா'வை இன்றுவரை வீட்டில் யாரும் மறக்கவில்லை.

அதன்பிறகு இரண்டு வருடம் ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக அலைந்தேன். முதல் இடத்தில், பொறி தரும் பிளக்குக்குக் கரண்ட் அனுப்பும் காயிலை மாற்றினார்கள். அது தப்பில்லை, சூடானால் கரண்ட் விட்டுப்போகும் காயில்கள் உண்டு. இரண்டாவது இடத்தில், டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து அனுப்பும் பம்பை மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் கார்புரேட்டரை முழுக்கப் பிரித்து, ஜெட்டுகளை ஊதி, ஃப்ளோட்டின் நீடிலை மாற்றிப் பூட்டினார்கள். இரண்டு வாரம் வண்டி தங்கமாக ஓடியது. நானும் ஊரெல்லாம் அவர்களைப் புகழ்ந்தேன். அந்த இரண்டு வாரமும் மழை பெய்தது என்பது வெயில் திரும்பி வந்த அன்றுதான் உறைத்தது.

என் பங்குக்கு நானும் குழப்பினேன். ஸ்டார்ட் ஆகாவிட்டால் சோக்கை இழுப்பது பழக்கமாகிவிட்டது. சூடான இன்ஜினுக்குச் சோக் போட்டு ஆக்ஸிலேட்டரைப் பம்ப் செய்துகொண்டே இருந்தால், கடைசியில் எப்படியோ பெட்ரோல் வந்து சேரும்போது அளவுக்கு மீறிப்போய்ப் பிளக்கெல்லாம் நனைந்துவிடும். மெக்கானிக் வந்து கழற்றும்போது பிளக் ஈரமாக இருக்கும். "ஓவர்ஃப்ளோ சார்" என்பார். ஆரம்பத்தில் அது காய்ந்து கிடந்தது என்பதற்கு நான் ஒருவன்தான் சாட்சி. எனக்கோ பார்க்கத் தெரியவில்லை.

விடை கிடைத்தது விரிஞ்சிபுரத்தில். கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், வழித்துணைநாதர் சன்னிதி வாசலிலேயே வண்டி படுத்துவிட்டது. 'விரிஞ்சிபுரம் மதிலழகு' என்பார்கள். அந்த அழகைப் பார்க்க எனக்கு நிறைய நேரம் கிடைத்தது. பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் தானாக வந்தார். சோக்கைத் தொடாதே என்றார். ஒரு பிளக்கைக் கழற்றினார். எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. அதை ஒயரில் மாட்டி, கார்புரேட்டருக்குத் தள்ளி இன்ஜின் இரும்பில் வைத்து என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். நீலப்பொறி பளிச்சென்று வந்தது. "கரண்ட் நல்லா கீது. பெட்ரோல்தான் வரல" என்றார். துணியை நனைத்துப் பிழிந்து பெட்ரோல் பம்ப் மேல் சுற்றிவிட்டுப் பீடி பற்ற வைக்கத் தள்ளிப் போனார். பத்து நிமிடத்தில் வண்டி ஸ்டார்ட் ஆனது.

அதோடு விட்டிருந்தால் அதுவும் இன்னொரு தற்காலிக வைத்தியம்தான். அவர் ஹோஸ்களை விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார். "இன்னா நைனா, ரிட்டனை அடைச்சி வச்சிக்கிற?"

பம்ப் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் அனுப்பும்போது மிஞ்சுவது ஒரு மெல்லிய குழாய் வழியாக டேங்குக்கே திரும்பும். அப்படி ஓட்டம் இருந்தால்தான் குழாயில் பெட்ரோல் தேங்கிச் சூடாகாது, உண்டாகும் ஆவிக்கும் வெளியேற வழி இருக்கும். என் வண்டியில் அந்த ரிட்டன் ஹோஸை எடுத்துவிட்டு, பம்ப் முனையில் ஒரு துண்டு ரப்பரைச் செருகி, அதன் வாயில் ஒரு போல்ட்டைத் திணித்துக் கிளிப் போட்டிருந்தார்கள். பெட்ரோலில் ஒரு பகுதி 40 டிகிரியை ஒட்டியே கொதிக்க ஆரம்பித்துவிடும். எங்கள் ஊர் மே மாதமே 40 டிகிரி. இன்ஜினை அணைத்ததும் பானெட்டுக்குள் சூடு இன்னும் ஏறும். குழாய் முழுக்க ஆவி நின்றால், திரவத்தைத் தள்ளத்தான் தெரிந்த டயஃப்ரம் பம்ப் என்ன செய்யும்?

வீட்டுக்கு வந்து பழைய பில்களைப் புரட்டினேன். நான்கு வருடத்துக்கு முன் ஒன்று: 'பெட்ரோல் லீக் சரி செய்தது, ரூ.150'. ஒழுகிய ஹோஸை மாற்றச் சோம்பல்பட்டு அடைத்த அந்தக் கை எதுவென்று எனக்குத் தெரியும். அவசரத்துக்கு அடைத்திருப்பார், அப்புறம் மறந்திருப்பார் என்று நியாயமாக நினைக்கத்தான் பார்க்கிறேன். காயில், பம்ப், கார்புரேட்டர் என்று செலவான 6,000 ரூபாயை நினைத்தால் நியாயம் மறந்துபோகிறது. போல்ட்டை டேஷ்போர்டிலேயே போட்டு வைத்திருக்கிறேன். வளைவில் திரும்பும்போதெல்லாம் உருளும்.

எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ஹோஸாகப் பார்த்து வாங்கினேன். பழைய ரப்பரை எத்தனால் ஊறவைத்துக் கெடுத்துவிடும். ஹோஸும் கிளிப்பும் சேர்த்து 240 ரூபாய். இந்த அக்னி நட்சத்திரம் முழுக்க இரண்டே முறைதான் மக்கர் செய்தது. இரண்டும் ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தபோது. அது எதிர்மாதிரியான கோளாறு: கார்புரேட்டர் கிண்ணத்திலேயே பெட்ரோல் கொதித்து இன்ஜினுக்குள் வழிந்திருந்தது. வாசனையே சொல்லிவிட்டது. ஆக்ஸிலேட்டரைக் கடைசிவரை மிதித்து, பம்ப் செய்யாமல், அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்ததும் பிடித்துக்கொண்டது.

ஆகவே நண்பரே, எந்தக் கார்புரேட்டர் வண்டி நின்றாலும், எதையும் வாங்குவதற்கு முன் அந்த இடத்திலேயே ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்ததா, நனைந்ததா? சூடு ஆறுவதற்குள் பார்க்க வேண்டும். ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் சாட்சி கலைந்துவிடும். ஏர் ஃபில்டரைத் தூக்கி, இன்ஜின் ஓடாதபோது ஆக்ஸிலேட்டர் கம்பியை இழுத்தால் உள்ளே பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சவில்லை என்றால் காயில் கடைக்குப் போகாதீர்கள்.

வாங்கலாமா என்றால், வேண்டாம். அசல் கார்புரேட்டர் கிட் லேசில் கிடைக்காது, கிடைக்கும் டூப்ளிகேட் ஆறு மாதம் தாங்காது, மாமியார் வருகிற நாளில் ஏசி இல்லாத வண்டி நிம்மதியைக் கெடுக்கும். என் வண்டியை விற்பேனா என்றும் கேட்டீர்கள். மாட்டேன். குடியாத்தத்துக்காரரின் நம்பரை மட்டும் அனுப்பி வையுங்கள். அந்த வண்டியில் கார்புரேட்டர் அசலாக இருந்தால் 40,000 ஒன்றும் அதிகமில்லை.